ஓர்மை ஒருமையானபோது

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் நான் நடத்திவரும் டி.டி.பி. கடைக்கு மனுக்களும் திருமண அழைப்பிதழ்களும் கோயில் கொடை நோட்டீசுகளுமே பெரும்பாலும் வரும். எங்கள் ஊர் நூலகத்தின் ஆண்டு மலரையும் நானே வடிவமைத்துத் தருகிறேன். சென்ற ஆண்டு மலரில், 2017 நவம்பர் இறுதியில் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட ஒக்கிப் புயலைப் பற்றி முதியவர் ஒருவர் கைப்பட எழுதிய கட்டுரை இடம்பெற்றது. அந்தக் காற்றின் ஓசை இன்றும் தம் ஓர்மையில், அதாவது நினைவில், இருப்பதாக அவர் எழுதியிருந்தார். மென்பொருளின் பிழைதிருத்தி அச்சொல்லின் கீழே சிவப்புக் கோடிட்டு 'ஒருமை' என்று பரிந்துரைத்தது. கடையில் வேலை பழகும் தம்பி 'அனைத்தையும் மாற்று' என்பதை அழுத்திவிட்டான். ஏழு இடங்களில் ஓர்மை ஒருமையாயிற்று. திரையில் கோடு எதுவும் இல்லாததை நம்பி நானும் மெய்ப்பை வேகமாகப் புரட்டினேன்.

மலரைக் கையில் வாங்கிப் படித்த அந்தக் கட்டுரையை எழுதிய பாட்டா கோபப்படவில்லை. "மக்களே, நான் ஒருமைன்னா எழுதினேன்? ஓர்மைன்னுல்லா எழுதினேன்" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைக்கிறது.

ஓர்மை மலையாளத்திலும் வழங்குவதால் அதை எல்லை தாண்டி வந்த சொல் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் அதன் வேரான ஓர்தல் தமிழிலேயே உண்டு. ஓர்தல் என்றால் எண்ணுதல், ஆராய்தல். திருக்குறளில் செங்கோன்மை அதிகாரமே 'ஓர்ந்து' என்றுதான் தொடங்குகிறது. அதே கட்டுரையில், மரங்கள் நின்ற நிலத்தைக் குறிக்கும் எங்கள் 'விளை'யை 'விலை' ஆக்கவும் திருத்தி முனைந்திருந்தது. இந்த மாவட்டத்தில் எத்தனை ஊர்ப்பெயர்கள் விளை என்று முடிகின்றன என்பதை அதன் சொற்பட்டியலைத் தொகுத்தவர்கள் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சொல்லை விட்டு இலக்கணத்துக்கு வந்தால் குறை இன்னும் ஆழமானது. 'விளையில் நின்ற வாழை முறிந்தன' என்று பாட்டா எழுதியிருந்தார். எழுவாயில் 'கள்' இல்லை, பயனிலை பன்மையில் இருக்கிறது. ஆகவே பிழை என்றது திருத்தி. வாழை முறிந்தது என்றாலும் முறிந்தன என்றாலும் சரியே என்பதையும், இத்தகைய பெயர்களுக்குப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று நம் இலக்கண நூலார் இடமளித்திருப்பதையும் அது அறியாது. ஒரு மரமா பல மரங்களா என்பதை அந்த வினைமுற்றுதான் சொல்கிறது. அதைத் 'திருத்தினால்' அவர் இழந்தது ஒரேயொரு வாழை என்றாகிவிடும்.

நான் அதிகம் அஞ்சுவது ஒற்றில்தான். 'கடலைப் பார்த்தோம்' என்றால் கன்னியாகுமரியில் நின்று கடலைக் கண்டோம். 'கடலை பார்த்தோம்' என்றால் நாங்கள் கண்டது நிலக்கடலை. இரண்டிலும் தனித்தனிச் சொற்கள் குற்றமற்றவை. லிப்ரே ஆபிஸ், ஃபயர்ஃபாக்ஸ் போன்றவற்றில் எழுத்துப்பிழை பார்க்கும் ஹன்ஸ்பெல், முதலில் ஹங்கேரிய மொழிக்காக எழுதப்பட்டது என்பதால், தமிழைப் போல விகுதிகள் அடுக்கிவரும் சொற்களைப் பிரித்துப் பார்க்க வல்லது. ஆனால் அது சொல்லை ஒவ்வொன்றாகவே பார்க்கிறது. ஒற்று மிகுவதோ அடுத்த சொல்லைப் பொறுத்தது. சரி, அடுத்த சொல்லையும் பார்த்து, ஐகாரத்தின் பின் வல்லினம் வந்தால் ஒற்றைச் சேர்க்குமாறு விதி எழுதினால், தோவாளையில் மாலை கட்டுகிறவர்கள் 'மாலைக் கட்டுகிறவர்கள்' ஆகித் திருமாலைக் கட்டிப்போடுவார்கள். ஈற்றிலுள்ள ஐ சொல்லின் பகுதியா, வேற்றுமை உருபா என்பது பொருள் தெரிந்தால்தான் தெரியும். தமிழுக்கென்றே சந்தி பார்க்கும் கருவிகளை உருவாக்கியவர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். அவற்றுள் ஒன்றான 'நாவி'யைப் பலமுறை பயன்படுத்தியும் இருக்கிறேன். அவற்றின் பரிந்துரையை ஏற்பதா என்று முடிவு செய்ய வேண்டியவர் எழுதுபவரே.

பொருள் அறியாமல் கருவி திருத்துவது ஆங்கிலத்துக்கும் தொடக்கத்திலிருந்தே உள்ள சிக்கல். 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவான கருவிகள் வாக்கியத்தின் நீளத்தை எண்ணின, தவிர்க்க வேண்டிய தொடர்களைப் பட்டியலோடு ஒப்பிட்டன. வேர்டு 97-இல் தட்டச்சு செய்யும்போதே இலக்கணப் பிழைக்குப் பச்சை நெளிகோடு வரத் தொடங்கியபின், கோடு இல்லாத பக்கம் பிழையில்லாத பக்கம் என்ற எண்ணம் பலருக்கும் பழகிவிட்டது. நானும் அதற்குத்தான் பழகியிருந்தேன்.

இப்போது 'அனைத்தையும் மாற்று' என்பதை எங்கள் கடையில் யாரும் தொடுவதில்லை. ஓர்மை, விளை, ஏலா, மரச்சீனி ஆகிய எங்கள் வட்டாரச் சொற்களை மென்பொருளின் சொற்பட்டியலில் சேர்த்துவிட்டேன். ஒற்றுக்கு அப்படிச் சேர்க்க வழியில்லை என்பதால், நான் அச்சுப்படியை உரக்க வாசிக்க, தம்பி கையெழுத்துப் படியைப் பார்த்து ஒப்புநோக்குகிறான். நூலகத்தில் எஞ்சியிருந்த சென்ற ஆண்டு மலர்களை எடுத்துவந்து, அந்த ஏழு இடங்களையும் இருவரும் பேனாவால் திருத்தினோம். வீடுகளுக்குப் போய்விட்ட பிரதிகளில் ஒருமை அப்படியே நிற்கிறது.