யோக்யூ சிறுவில்: செய்ததும் எய்ததும், இதுவரை

ஜப்பானின் எடோ காலத்தில் (1603–1868), இன்றைய டோக்கியோவின் அசாகுசா போன்ற இடங்களில் கோயில் வளாகங்களை ஒட்டி இயங்கிய 'யாபா' எனும் கூடங்களில், மக்கள் காசு கொடுத்து எய்து மகிழ்ந்த சிறுவில்தான் யோக்யூ. வில்லின் நீளம் ஏறத்தாழ 85 செ.மீ., அம்பு 27 செ.மீ., எய்யும் தொலைவு 13.5 மீட்டர். ஜப்பானிய வில்வித்தையான கியூடோவில் நின்று எய்யும் வில் 2.2 மீட்டர் உயரம் இருக்கும். இதையோ தரையில் அமர்ந்தபடியே எய்ய வேண்டும். யோக்யூவின் அந்த அளவுகளிலிருந்து சிறிதும் விலகாமல் ஒன்றைச் செய்துவருகிறேன்.

பழைய வில்கள் ஈட்டி மர (ரோஸ்வுட்) இனக் கடின மரங்களில், நடுவே கழற்றிப் பெட்டியில் வைக்கும்படி இரு துண்டுகளாகச் செய்யப்பட்டன. அந்தப் பொருத்து என் கைக்கு இன்னும் வசப்படாததால், இரண்டு மூங்கில் பட்டைகளைப் பசையிட்டு ஒட்டி, மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒரே சீராக வளையும்வரை உட்புறத்தைச் சீவினேன். அம்புக்கு, ஜப்பானிய அம்புக் கைவினைஞர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் யாதாகே எனும் மெல்லிய மூங்கிலே ஏற்றது. தணலின் மேல் காட்டிச் சூடேறியதும் வளைவை நிமிர்த்தி, கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பார்க்க வேண்டும். கோணல் மிச்சமிருந்தால் தண்டுக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒளிக்கீற்று தோன்றித் தோன்றி மறையும். வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுவே.

எய்வதில் உள்ள கடினம் வில்லின் வலிமையில் இல்லை, அம்பு குட்டையாக இருப்பதில்தான் இருக்கிறது. நீண்ட அம்பை நாணில் தொடுத்துக் காது தாண்டி இழுக்கும்போது, அது ஒவ்வொரு முறையும் கன்னத்தில் ஒரே இடத்தைத் தொட்டு நிற்கும். 27 செ.மீ. அம்பிலோ, வில் பிடித்த கையை முழுவதும் நீட்டினால், நாண் முகத்துக்கு வெகு முன்னதாகவே நின்றுவிடுகிறது. இழுத்த கைக்குத் தொட்டு நிற்க உடலில் இடமே இல்லை. ஆகவே நான் வில்லேந்திய கையை முழங்கையில் சற்று மடக்கி, இழுக்கும் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, அந்த ஒட்டுதலையே அளவாகக் கொள்கிறேன். அக்காலத்து ஆட்டக்காரர்கள் இப்படித்தான் பிடித்தார்கள் என்று சொல்ல வரவில்லை; எனக்குப் பலன் தந்த முறை இது.

நெருங்கிய தொலைவில் அம்புகள் இப்போது உள்ளங்கை அகலத்துக்குள் அடைகின்றன. முழுத் தொலைவில் பக்கவாட்டு விலகல் குறைந்திருக்கிறது. ஏற்ற இறக்கம்தான் அடங்கவில்லை. அம்பு எடை குறைந்தது என்பதால், விடும் விரல்களின் சிறு தயக்கம்கூட உயரத்தில் பெரிதாகத் தெரிகிறது. சிறகை இன்னும் தாழ்வாக வெட்டி, தண்டுகளை எடைவாரியாகப் பிரித்து எய்து பார்ப்பது அடுத்த வேலை. பழைய விதிப்படி ஓர் ஆட்டத்துக்கு 200 அம்புகள்; அவற்றில் 50 பட்டால்தான் முதல் தகுதி. முழு ஆட்டத்தை அதன் பிறகே தொடங்குவேன்.