கூழ் ஆலையில் இரண்டு சூப்பர்வைசர்கள் முட்டிக்கொண்டால்: கேள்வி கேட்டே தீர்க்கும் முறை

சீசன் சூடு பிடித்ததும் கிருஷ்ணகிரி பக்கத்து மாம்பழக்கூழ் ஆலைகளில் தவறாமல் வரும் தகராறு ஒன்று உண்டு. பெங்களூரா ரக மாம்பழம் பச்சையாக வருகிறது என்பார் கூழ் எடுக்கும் லைனின் சூப்பர்வைசர். "லைன் நின்னு நின்னு ஓடுது, என் பழம் இங்க அழுகுது" என்பார் பழுக்கவைக்கும் அறையைப் பார்ப்பவர். மேனேஜர் ஒரு பக்கம் தீர்ப்புச் சொல்லுவார். அடுத்த லாரி உள்ளே வந்ததும் மறுபடியும் அதே சத்தம். தீர்ப்பே சொல்லாமல், கேள்வி கேட்டு, இருவரும் தாங்களே வழி கண்டுபிடிக்கும்படி செய்வதுதான் கோச்சிங். அதை நாங்கள் செய்கிற வரிசையிலேயே எழுதுகிறோம்.

முதல் நாளே இருவரையும் ஒன்றாக உட்கார வைக்கக் கூடாது. தனித்தனியாக, ஆளுக்கு 40 நிமிடம். காலை ஷிஃப்ட் 2 மணிக்கு முடிந்து, சாப்பிட்ட பிறகு பேசுங்கள். பசியோடு இருப்பவரிடம் நியாயம் பேசிப் பயனில்லை. கேபினுக்குள் கூப்பிட்டால் மெமோ கொடுக்கப் போகிறார்கள் என்றுதான் தோன்றும். எடைமேடைப் பக்கம் நிழலில் ஒரே உயரத்தில் இரண்டு நாற்காலி போட்டால் போதும். வயதில் மூத்தவரை முதலில் கேளுங்கள், ஆனால் இளையவரையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். ஒரு நாள் தள்ளினால், "அவர் பேச்சைக் கேட்டு முடிவு பண்ணிட்டாங்க" என்று ஆகிவிடும்.

இந்தப் பக்கம் பலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள். கோபம் எந்த மொழியில் வருகிறதோ அதிலேயே பேச விடுங்கள். உங்களுக்குப் புரியாவிட்டால் தெரிந்தவர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். அவர் எதிர்த்தரப்பின் சொந்தக்காரராக இருக்கக் கூடாது.

கேள்வியில் "ஏன்" வேண்டாம். "ஏன் பச்சையா அனுப்பினீங்க?" என்பது நம் காதில் கேள்வியாக விழாது, குற்றச்சாட்டாகத்தான் விழும். "என்ன", "எப்போ", "எதை வச்சு" என்று கேளுங்கள். லைன் சூப்பர்வைசரோடு பேச்சு பெரும்பாலும் இப்படிப் போகும்:

"அந்தாளு வேணும்னேதாங்க பச்சையா அனுப்புறாரு."

"பச்சைன்னு எதை வச்சுங்க முடிவு பண்றீங்க?"

"பிரிக்ஸ் (இனிப்பு அளவு) 12தான் காட்டுது. 14 இல்லாம பார்ட்டி வாங்க மாட்டான்."

"அவர் எதை வச்சுப் பழுத்துருச்சுன்னு அனுப்புறாரு?"

இங்கே அமைதியாகிவிடுவார். நீங்களும் வாயைத் திறக்காதீர்கள். பத்து மூச்சு பொறுங்கள். "தெரியலைங்க" என்று அவரே சொன்னால் பாதி வேலை முடிந்தது. அறைக்காரர் தோல் நிறத்தையும் விரலால் அழுத்திப் பார்ப்பதையும் நம்புகிறார், லைன்காரர் பிரிக்ஸ் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவியை நம்புகிறார். பெங்களூரா நன்றாகப் பழுத்தும் தோலில் பச்சை நிற்கும், மஞ்சளாகியும் உள்ளே இனிப்பு ஏறாமல் இருக்கும். இருவருமே பொய் சொல்லவில்லை, அளவுகோல்தான் வேறு.

அடுத்து இங்கிலாந்தில் 1980களில் உருவான க்ரோ முறை. இலக்கு, இப்போதைய நிலை, வழிகள், உறுதி என்று நான்கு படி. சண்டைக்கு நடுவில் இலக்கிலிருந்து தொடங்கினால் ஓடாது என்பது எங்கள் கருத்து. மனக்குறை முழுதும் வெளியே வந்த பிறகுதான் "அடுத்த வாரம் எப்படி இருந்தா நிம்மதியா வீட்டுக்குப் போவீங்க?" என்று கேட்க முடியும்.

மறுநாள் இருவரையும் சேர்த்து ஒரு மணி நேரம். விதி ஒன்றே: பேசுவதற்கு முன் எதிராளி சொன்னதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும், "ஆமா, அதுதான்" என்று அவர் தலையாட்ட வேண்டும். "சரிங்க சார்" என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம்மூரில் அது மரியாதைக்குச் சொல்லும் வார்த்தை. "அப்போ நாளைக்குக் காலையில முதல்ல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டால் சம்மதம் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். மன்னிப்புக் கேட்க வைக்காதீர்கள். மூத்தவரை இளையவர் முன் தலைகுனிய வைத்தால் அந்தச் சீசனுக்குள் அந்தக் காயம் ஆறாது.

முடிவு அரைப் பக்கத்தில் எண்ணோடு இருக்கட்டும். "ஒத்துழைப்போம்" என்று எழுதினால் எதுவுமே எழுதாதது போலத்தான். எழுத வேண்டியது இந்த மாதிரி: ஒவ்வொரு லாட்டிலும் 10 பழம், மேல், நடு, அடி என்று அடுக்கிய பழப்பெட்டிகளிலிருந்து எடுத்து அறுப்பது. பிரிக்ஸை இருவரும் சேர்ந்து பார்த்துப் பலகையில் எழுதுவது. 14க்குக் கீழே என்றால் திரும்ப அறைக்கு. லைன் அரை மணிக்கு மேல் நின்றால் உடனே அறைக்குப் போன் செய்வது. ஜூன் நெரிசலில் இந்தத் தாள் முதலில் உடையும் இடம் பத்துப் பழம்தான், நேரமில்லை என்பார்கள். அதனால் லாரிகள் குவியும் நாளில் ஐந்து பழம் போதும் என்று முன்பே எழுதிவிடுங்கள்.

இந்த முறை கெட்டுப்போவது பெரும்பாலும் நடத்துபவராலேதான். "பத்துப் பழம் அறுத்துப் பாத்தா நல்லாருக்குமில்ல?" என்பது கேள்வி வேஷம் போட்ட உத்தரவு. அதைச் சொன்ன நிமிடமே நீங்கள் மறுபடி நீதிபதி. தனியாகக் கேட்டதை முதலாளியிடம் சொன்னாலும் போச்சு, இன்னொரு முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் இது மருந்தில்லை. சாதிப் பெயர் சொல்லித் திட்டியது, கைநீட்டியது, பாலியல் தொல்லை எதையும் நாற்காலி போட்டுப் பேசித் தீர்க்கக் கூடாது. பாலியல் புகாருக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். சமரசம் கூடப் புகார் கொடுத்த பெண் கேட்டால் மட்டுமே, அதிலும் பணம் பேசக் கூடாது. கூலி, போனஸ், ஓவர்டைம் பிரச்சினையும் கோச்சிங்குக்குள் வராது. 20 தொழிலாளரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் அதற்குக் குறைதீர்க்கும் குழு உண்டு.

3ஆம் நாள், 10ஆம் நாள், 30ஆம் நாள் ஐந்தைந்து நிமிடம் போய்ப் பாருங்கள். ஆட்களைக் கேட்பதற்கு முன் பலகையைப் பாருங்கள். எண்கள் எல்லாம் ஒரே கையெழுத்தில் இருந்தால் இருவரும் சேர்ந்து அறுப்பது நின்றுவிட்டது. அன்றைக்கே இருவரையும் பலகைக்கு முன் நிறுத்தி, "எது கஷ்டமா இருக்கு?" என்று கேட்டு, தாளில் அந்த வரியை மட்டும் மாற்றுங்கள்.