நாச்சியார் தாலி வைத்த சன்னதியில் அம்மாவின் நேர்த்திக்கடன்

அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்த அன்று, கொல்லங்குடி வெட்டுடையார் காளிக்குப் பொன் தாலி செலுத்துவதாக நேர்ந்துகொண்டு, அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தார். அவள் கருணையால் அப்பா எழுந்து நடமாடத் தொடங்கியதும், ஆடி வெள்ளி ஒன்றில் மூவரும் சிவகங்கைச் சீமைக்குப் புறப்பட்டோம். எங்கள் ஊரிலேயே அம்மன் கோயில்கள் இருக்க, இந்தக் காளியிடம் அம்மா தாலி நேர்ந்ததற்குக் காரணம் ராணி வேலு நாச்சியார்தான்.

முதலில் காளையார்கோவில் சென்றோம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கானப்பேர் அது. சொர்ண காளீஸ்வரர், சோமேசர், சுந்தரேசர் மூவரையும் கண்குளிரத் தரிசித்துவிட்டு, மருது பாண்டியர் எழுப்பிய பெரிய கோபுரத்தின் அடியில் சற்று நேரம் நின்றோம். 1772 ஜூன் 25 அன்று, ஆற்காட்டு நவாபுக்காக வந்த கும்பினிப் படை இந்த ஊரில்தான் நாச்சியாரின் கணவர் முத்துவடுகநாதத் தேவரைக் கொன்றது. சிவன் சன்னதி வாசலில் அதை நினைக்கையில் எனக்குத் தொண்டை அடைத்தது.

கொல்லங்குடியில் கூட்டம் சொல்லி மாளாது. வரிசையில் நிற்காமல் அழைத்துப் போவதாகச் சொல்லிக் கையைப் பிடித்து இழுக்கும் தரகர்கள், எலுமிச்சை மாலைக்கு வாய்க்கு வந்த விலை சொல்லும் வியாபாரிகள், நீதி வேண்டிக் காசு வெட்டிப் போட வந்தீர்களா என்று வழிமறித்துக் கேட்பவர்கள் என்று, நோயிலிருந்து எழுந்த மனிதரை வைத்துக்கொண்டு சன்னதியை எட்டுவதற்குள் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. நீதி கேட்டு மனம் வெந்து வருகிறவர்களிடமே இப்படிக் காசு பார்ப்பதை அந்தக் காளி பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

கணவரை இழந்த நாச்சியார் தப்பிப் போன வழியைச் சொல்ல மறுத்து, வெள்ளையரின் வாளுக்குத் தலை கொடுத்த பெண் உடையாள். சீமையை மீட்டுத் திரும்பிய ராணி அவளுக்கு இங்கே நடுகல் நாட்டி, தம் தாலியையே முதல் காணிக்கையாக வைத்து வணங்கினார் என்பது இந்தப் பக்கத்து மக்கள் வழிவழியாகச் சொல்லி வருவது. சன்னதியில் பூசாரி ஐயா தாலியை வாங்கி அம்மன் காலடியில் வைத்து, குங்குமம் தூவி மீண்டும் அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். மஞ்சள் கயிற்றின் ஈரம் விரல்களில் ஒட்ட, அம்மா அதை உண்டியலில் போடாமல் கண்ணில் ஒற்றியபடி நின்றார். பின்னாலிருந்து தள்ளியவர்களை அப்பா கையெடுத்துக் கும்பிட்டுத்தான் நிறுத்தினார்.

“அந்த மகராசி புருசனப் பறிகொடுத்துட்டுத் தாலியக் கழட்டி வச்சா. எனக்கு ஆத்தா கழட்ட விடாமக் காப்பாத்திக் குடுத்துருக்கா” என்று அம்மா விம்மினார். தாலி உண்டியலில் விழுந்தபோது அப்பாவும் அழுதார். அந்தக் கணத்தில் காளியை வணங்கினேனா, உடையாளை வணங்கினேனா, நாச்சியாரை வணங்கினேனா என்று பிரித்துச் சொல்ல இன்றும் என்னால் முடியவில்லை.

மாலையில் சிவகங்கை சேர்ந்து, அரண்மனை ராஜராஜேஸ்வரியைத் தரிசித்தோம். விஜயதசமியன்று பெண்களோடு பெண்ணாகக் கோட்டைக்குள் புகுந்த, நாச்சியாரின் படையைச் சேர்ந்த குயிலி, தன் உடலில் தீ வைத்துக்கொண்டு வெள்ளையரின் ஆயுதக் கிடங்கில் பாய்ந்தாள் என்பார்கள். மகளுடன் விருப்பாட்சியிலும் திண்டுக்கல்லிலும் தங்கி, ஹைதர் அலியின் துணையைப் பெற்று, எட்டு ஆண்டுகள் காத்திருந்து 1780இல் சீமையை மீட்ட நாச்சியாருக்கு இங்கே மணிமண்டபம் இருக்கிறது. வாங்கி வந்த பூவில் பாதியைக் காளிக்குச் சாற்றியிருந்தோம். மீதியை ராணியின் சிலைக்கு முன் வைத்து மூவரும் விழுந்து கும்பிட்டோம்.

தாயே வெட்டுடையாளே, அப்பாவை எங்களுக்குத் திருப்பித் தந்தாய். உன் சன்னதிக்கு வழிகாட்டிய எங்கள் ராணிக்கும், வாய் திறக்காமல் உயிர் கொடுத்த உடையாளுக்கும் நாங்கள் பட்ட கடன் ஒரு தாலியோடு தீராது. அடுத்த ஆடியில் அண்ணன் குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு பொங்கல் வைக்க வருகிறோம்.