முதலில் காது, பிறகுதான் எழுத்து

எழுதப் படிக்க வராத சிறைவாசி என்றால் ‘பள்ளிக்கூடம் போகாதவர்’ என்று எல்லோரும் சுலபமாக முடிவு கட்டிவிடுகிறார்கள். ராமநாதபுரம் கடற்கரை ஊர்க்காரர்களைச் சிறைக்குள் சோதித்துப் பார்க்கும் பேச்சு, மொழி சிகிச்சையாளராக, அந்த முடிவை என்னால் ஏற்க முடிவதில்லை.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் சங்கு குளித்தவர் வந்தால், எழுத்துத் தாளை எடுக்குமுன் காதைத்தான் பார்ப்பேன். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. சளியோடு முங்கிச் செவிப்பறை கிழிந்து, சீழ் வடிந்து, காது மந்தமாகிப்போனவர்கள் உண்டு. காது கேட்கவில்லை என்று அவர்களாகச் சொல்வதில்லை. எதைக் கேட்டாலும் ‘ஆமாங்க மேடம்’தான். விசாரணையிலும் இப்படித்தானே தலையாட்டியிருப்பார்? அங்கே அது ஒப்புதலாக எழுதப்பட்டுவிடுமே என்று எனக்குப் பதறும்.

அடுத்தது பேச்சு. பள்ளிப் பிள்ளைகளுக்காக வரைந்த படங்களை இவர்களிடம் நீட்டுவதில்லை. “வலை விட்டதுலேர்ந்து கரைக்கு வந்தது வரைக்கும் ஒண்ணொண்ணாச் சொல்லுங்கண்ணே” என்பேன். ஒருவர் காற்றின் திசையில் தொடங்கி, சூடை மீன் பட்ட இடம், ஏலம் போன விலைவரை கோவையாகச் சொன்னார். ‘கொடி’ என்று எழுதச் சொன்னதும் கை நின்றுவிட்டது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நிற்க, நடுவில் இருக்கும் ‘க’வை முதலில் ஒலிக்க வேண்டுமே! ‘கெடி’ என்று எழுதினார், அடித்தார், ‘காடி’ என்றார். ஐந்தாம் வகுப்புவரை போனவர். “எழுத்து ஏறலை மேடம். வாத்தியார் அடிக்குப் பயந்து கடலுக்குப் போயிட்டேன்.” இவருக்குப் பேச்சில் குறையே இல்லை, எழுத்தில்தான் தடை.

இன்னொருவர் அன்றாடம் செய்த தொழிலையே முன்பின்னாகச் சொன்னார். வலை, நங்கூரம் என்ற சொற்கள்கூட அகப்படாமல் தவித்தார். விசாரித்தால், படகில் விழுந்து தலையில் பலத்த அடிபட்டிருக்கிறது. இவரை எழுத்தறிவு வகுப்பில் உட்காரவைத்தால் மட்டும் போதாது, நரம்பியல் மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் பேச்சு, மொழிக் குறைபாட்டையும் அங்கீகரிக்கிறது. காவலில் இருப்பவருக்கு இலவச வக்கீல் கிடைக்க 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் சட்டம் வழிசெய்கிறது. ஆனால் வாய்தா அன்று வக்கீலோடு பேசக் கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான். அதனால் என் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே, வக்கீல் கண்ணில் படும்படி எழுதுகிறேன்: ‘நன்றாகக் கேட்கும் வலது காதுப் பக்கம் நின்று பேசவும். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. புரிந்ததா என்று கேட்க வேண்டாம். புரிந்ததை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லவும். அதன் பிறகே கையெழுத்தோ கைரேகையோ வாங்கவும்.’