கண்ணுக்குக் கீழே ஒரு சாம்பல் நிறம்

கன்சீலர் போட ஆரம்பித்து மூன்று வருஷம், ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்: கருவளையத்தை மறைக்கப் போட்டால் கருவளையம் ஏன் இன்னும் பளிச்சென்று தெரிகிறது?

"உங்கள் நிறத்தைவிட இரண்டு ஷேடு வெளுப்பாக எடுங்கள், கண் எடுப்பாக இருக்கும்" என்று ஒரு வீடியோ. அப்படியே செய்தேன். போட்ட கையோடு பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். ஒரு மணி நேரம் போனால் சாம்பலை எடுத்துக் குழைத்துப் பூசிய மாதிரி ஆகிவிடும். ஒருநாள் அக்கா என் முகத்தையே பார்த்துவிட்டு, "ஏண்டி, ராத்திரி தூங்கலையா?" என்றாள். நான் எட்டு மணி நேரம் தூங்கி எழுந்து, அரை மணி நேரம் கண்ணாடி முன்னால் நின்றுவிட்டு வந்த நாள் அது. அழுகை வந்துவிட்டது.

அதன் பிறகு தேடத் தேட, ஆளுக்கொன்று சொன்னார்கள். வெளுப்பு ஷேடே கூடாது என்றார் ஒருவர். முதலில் இருட்டை அடக்க ஆரஞ்சு நிற கரெக்டர், அதன் மேல்தான் கன்சீலர் என்றார் இன்னொருவர். ஆரஞ்சு போட்டால் கறை மாதிரி தெரியும், பீச் நிறம் போதும் என்றார் மற்றொருவர். எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். எல்லோருடைய முகமும் அழகாகவும் இருந்தது. அதுதான் என்னைக் குழப்பியது.

ஒரு நோட்டு போட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பாதி முகத்துக்கு ஒருவர் சொன்னது, மறுபாதிக்கு அதற்கு நேர்மாறாக இன்னொருவர் சொன்னது. சாயங்காலம் வரை அப்படியே விட்டு, ஜன்னல் பக்கம் போய் ஒரு படம் எடுப்பேன். இடது, வலது என்று குறித்துக்கொள்வேன். நாலாவது வாரமே விஷயம் பிடிபட்டது.

என்னுடையது நல்ல கருமையான மாநிறம். கண்ணுக்குக் கீழே இருப்பது பழுப்பும் நீலமும் கலந்த இருட்டு. வெளுப்பான கன்சீலரில் டைட்டானியம் டையாக்சைடு என்ற வெள்ளை நிறமி அதிகம். இருட்டின் மேல் வெள்ளையை மெல்லிசாகப் பூசினால் வருவது சாம்பல்தான், வேறெதுவும் வராது. நீலத்தை அடக்க அதற்கு எதிர் நிறமான ஆரஞ்சு வேண்டும். கடுகளவு எடுத்து, மோதிர விரலால் இருட்டு இருக்கும் இடத்தில் மட்டும் ஒற்றி, அதன் மேல் என் சொந்த நிறத்திலேயே ஒரு மெல்லிய கன்சீலர். அன்றைக்கு சாயங்காலம் ஐந்து மணிக்கு வலது கண் காலையில் இருந்த மாதிரியே இருந்தது. இடது கண் சாம்பலாக இருந்தது. அந்தப் படத்தை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். ஆரஞ்சு கறையாகத் தெரியும் என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு வெளிர் நிறம், லேசான வளையம். அவருக்கு அது கறைதான்.

அதற்குப் பிறகு எந்தக் குறிப்பைக் கேட்டாலும் இது யார் முகத்துக்கு, எந்த வெளிச்சத்துக்குச் சொன்னது என்றுதான் முதலில் பார்க்கிறேன். பவுடரைக் கண்ணுக்குக் கீழே குவித்து வைத்து ஐந்து, பத்து நிமிடம் ஊறவிட்டுத் தட்டிவிடும் 'பேக்கிங்' மேடையில் ஆடுகிறவர்கள் செய்துவந்தது. சூடான விளக்குகளுக்கு அடியில், வியர்வையில், தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்காகப் போட்டது. நானோ பகல் முழுக்க ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவள். என்னிடம் பேசுகிறவர் ஒரு கை தூரத்தில் இருக்கிறார். பவுடர் எனக்குக் கண்ணோரச் சுருக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. மூக்கின் இரண்டு பக்கமும் மட்டும் போதும்.

வெளிச்சம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். வெளிச்சத்தின் நிறத்தை கெல்வின் கணக்கில் சொல்வார்கள். குளியலறையின் மஞ்சள் பல்பு 2700 கெல்வின் அளவில் இருக்கும். பகல் வெளிச்சம் 5500, 6500 என்று போகும். மஞ்சளில் பொருத்தம் பார்த்த ஃபவுண்டேஷன் வெயிலில் வேறு நிறம் காட்டுவதற்கு அதுவே போதும். கண்ணாடியை ஜன்னல் பக்கம் நகர்த்தி வைத்தேன். இத்தனை வருஷத்தில் செய்த நல்ல காரியம் அது.

ஷேடு தேர்ந்தெடுக்க மணிக்கட்டு நரம்பைப் பார்க்கச் சொல்கிறார்கள். பச்சை என்றால் வார்ம், அதாவது மஞ்சள் சாயல் உள்ள தோல். நீலம் என்றால் கூல், ரோஜா சாயல் உள்ள தோல். என் நரம்பு எந்த நிறம் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை, தோலின் கருமையில் அது தெரிவதே கஷ்டம். 'நான் ஃபிட்ஸ்பாட்ரிக் 5' என்று ஷேடு நம்பர் மாதிரிச் சொல்கிறவர்களும் உண்டு. 1975-ல் வந்த அந்த வகைப்பாடு தோல் வெயிலில் எப்படிச் சிவக்கிறது, எப்படிக் கறுக்கிறது என்பதற்கானது, ஃபவுண்டேஷன் வாங்குவதற்கு இல்லை. தாடையோரம் மூன்று ஷேடுகளைக் கோடாக இழுத்துவிட்டு, கால் மணி நேரம் பொறுத்து, ஜன்னலில் பாருங்கள். சில ஃபவுண்டேஷன்கள் காய்ந்ததும் ஒரு படி கறுக்கும். எந்தக் கோடு காணாமல் போகிறதோ அதுதான் உங்களுடையது. ஒரு காலத்தில் கடைகளில் இருந்ததிலேயே கருமையான ஷேடு என்னைவிட வெளுப்பாக இருந்தது. 2017-ல் ஃபென்டி பியூட்டி என்ற கம்பெனி 40 ஷேடுகளோடு வந்த பிறகுதான் பல கம்பெனிகள் கருமைப் பக்கமும் கவனம் வைத்தன.

சன்ஸ்கிரீன் மேல் ஃபவுண்டேஷன் ரப்பர் துகள் மாதிரி உருண்டு வருகிறதா? சன்ஸ்கிரீன் நன்றாகப் படியும்வரை பொறுங்கள், தேய்க்காமல் ஒற்றுங்கள்.

கண் விஷயத்தில் ரொம்ப நாள் கஷ்டப்பட்டேன். எனக்கு மேல் இமை மடிந்து கீழே இறங்கியிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஐலைனர் வாலை நேராக இழுப்பேன். திறந்தால் மடிப்புக்குள் பாதி போய், வால் உடைந்து நிற்கும். கண்ணை நேராகத் திறந்து கண்ணாடியைப் பார்த்தபடியே வெளிமுனையில் ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளிவரை மட்டும் இழுக்க வேண்டும் என்று கற்றுக்கொள்ள இரண்டு மாதம் ஆனது. மூடினால் கோடு கோணலாக இருக்கும். இருக்கட்டும், என்னைப் பார்க்கிறவர்கள் திறந்த கண்ணைத்தான் பார்க்கிறார்கள். அவசர நாட்களில் கண் மையை வெளிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு வைத்து விரலால் கலைத்துவிடுவேன்.

'கறுப்பா இருக்கிறவங்களுக்குச் சிவப்பு லிப்ஸ்டிக் எடுபடாது' என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அதை நம்பி வெளிர் பழுப்பு 'நியூட்' போட்டுக்கொண்டிருந்தேன், காய்ச்சல்காரி மாதிரி இருந்தேன். அந்த நியூட் வேறொருவருடைய உதட்டு நிறம். நீலம் கலந்த ஆழமான சிவப்பு எனக்கு அத்தனை பொருத்தம். இப்போது அதுதான் போடுகிறேன், சாதாரண நாளில்கூட.

போன வாரம் அக்கா மகள் வந்தாள். கல்லூரியில் ஏதோ விழா, முகத்துக்குப் போட்டுவிடச் சொன்னாள். "சித்தி, உங்களுக்குப் போடற மாதிரியே போட்டுவிடுங்க." ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, விழா பகலிலா ராத்திரியிலா, மேடை ஏறுவாளா என்று கேட்டேன். தாடையைத் தூக்கிக் கண்ணுக்குக் கீழே பார்த்தேன். லேசான ரோஜா நிழல் மட்டும்தான். ஆரஞ்சு டப்பாவை மூடி வைத்துவிட்டேன்.