சிசேரியனுக்கு ஸ்பைனல்ல மார்பின் சேத்துப் போட்டாங்க, என் அனுபவம்

ரெண்டாவது பிரசவம் சிசேரியன்தான்னு முடிவானதும் மயக்க டாக்டர் முதல் நாளே வார்டுக்கு வந்து, முதுகுல போடுற ஸ்பைனல் ஊசியில மரத்துப்போற மருந்தோட, மார்பின்ங்கிற பலமான வலி மருந்தும் துளியூண்டு சேர்ப்போம்மான்னாங்க. அது கேன்சர்காரங்களுக்குக் குடுக்குறதாச்சேன்னு எங்கம்மா பதறிட்டாங்க. அளவு 100 மைக்ரோகிராம்தான், அதாவது ஒரு மில்லிகிராம்ல பத்துல ஒரு பங்கு, நேரா முதுகுத்தண்டு நீர்லயே போடுறதால அதுவே போதும்னு பொறுமையா சொன்னப்புறம்தான் அம்மா முகம் தெளிஞ்சுச்சு.

ஊசி போட்ட கொஞ்ச நேரத்துல காலு ரெண்டும் சூடாகி கனத்துப்போச்சு, அடுத்து தலை கிறுகிறுன்னு வாந்தி வர்றாப்ல இருந்துச்சு, பிபி இறங்கிடுச்சுன்னு உடனே டிரிப்ஸ்ல பிபி ஏத்துற ஃபினைலெஃப்ரின் போட்டாங்க, ரெண்டு நிமிஷத்துல சரியாயிட்டேன். இதுக்கு காரணம் மார்பின் இல்லயாம், கூட போட்ட மரத்துப்போற மருந்து புபிவகெய்ன்தான். ரத்தக்குழாய இறுக்கமா வச்சிருக்குற நரம்பையும் சேத்து மரக்க வச்சிடுறதால குழாய் விரிஞ்சு பிரஷர் விழுது.

மார்பின் வேலை வேற. சுட்டா கை வெடுக்குன்னு இழுக்குறது, நெஞ்சு படபடன்னு அடிச்சு பிபி ஏறுறது எல்லாமே வலிச்செய்தி முதுகுத்தண்டுக்கு வந்து சேர்ந்தப்புறம்தான் கெளம்புது. மார்பின் அந்த எடத்துலயே உக்காந்து செய்திய அமுக்குது, ஆனா கை கால் அசைவையோ தொடு உணர்ச்சியையோ எடுக்குறதில்ல. 1976ல யாக்ஷ், ரூடின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் எலிங்களுக்கு இப்படிப் போட்டுக் காட்டினாங்க, 1979ல அமெரிக்காவுல மேயோ கிளினிக் ஆஸ்பத்திரில கேன்சர் நோயாளிகளுக்கே போட்டுப் பாத்தாங்க. எனக்கும் அப்படியேதான், சாயங்காலம் காலு நல்லா அசைஞ்சுச்சு, பாப்பா மேல படுத்திருக்குறது தெரிஞ்சுச்சு, தையல் வலி மட்டும் பெருசா இல்ல. முதல் பிரசவத்துல தையலோட புரண்டு படுக்கவே அழுதவ நான், அதனால இது எவ்ளோ பெரிய விஷயம்னு எனக்குத்தான் தெரியும்.

ஆனா அரிப்பு! மூக்கு, முகம், கழுத்துன்னு ராத்திரி பூரா சொறிஞ்சேன். அவில் ஊசி போட்டும் தூக்கம்தான் வந்துச்சு, அரிப்பு போகல, ஏன்னா இது அலர்ஜி அரிப்பு இல்ல, மார்பின் நரம்புலயே கெளப்பி விடுறது. மார்பினால யூரின் போகாம கட்டிக்குற தொல்லையும் வரலாம், எனக்கு யூரின் டியூப் ஏற்கனவே இருந்ததால அது தெரியல.

அப்புறம் நர்ஸ் அக்கா ராத்திரியெல்லாம் வந்து மூச்ச எண்ணுனாங்க, விரல்ல ஆக்சிஜன் கிளிப் கழட்டவே விடல. எழுப்புறாங்களேன்னு வீட்ல இருக்கறவங்க தயவுசெஞ்சு சண்டை போடாதீங்க. மார்பின் தண்ணில கரையுற மருந்து, முதுகுத்தண்டு நீரோட மெதுவா மூளைப்பக்கம் ஏறி பல மணி நேரம் கழிச்சு கூட மூச்ச மந்தமாக்கலாம், ரொம்ப அபூர்வம்தான், இருந்தாலும் 24 மணி நேரம் பாக்கணும், அப்படி ஆனா மார்பினோட வேலைய முறிக்கிற நலாக்சோன் மருந்து போட்டு சரி பண்ணிடலாம். குறட்டை விட்டு தூக்கத்துல மூச்சு தடைபடுறவங்க, தூக்க மாத்திரை போடுறவங்க ஆபரேஷனுக்கு முன்னாடியே மயக்க டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லிடுங்க.

மார்பின் வேலை 18லேருந்து 24 மணி நேரம் வரைக்கும்தான். அது முழுசா விடுறதுக்கு முன்னாடியே பாராசிட்டமால், டைக்ளோஃபினாக்னு டாக்டர் எழுதிருக்குற வலி மருந்த நேரத்துக்கு கேட்டு வாங்கிக்குங்க, வலி ஏறட்டும்னு காத்திருக்காதீங்க.