அப்பா தெளிந்து பேசிய நேரம்

மார்ச் 4, 2025, செவ்வாய்

காலையில் சட்டை மாட்டிவிடும்போது அப்பா என் கையை விலக்கிவிட்டு ஒரு பட்டனைப் பிடித்து உற்றுப் பார்த்தார். “நூல் விட்டிருக்கு பாப்பா, தைச்சுடு.” அப்புறம் என் முகத்தைப் பார்த்து, “முதுகு வலி தேவலையா?” என்றார்.

மறதி நோயில் பல மாதமாக நான் அவருக்கு அக்கா. சில நாள் யாரோ ஒரு நர்ஸ். இன்று பாப்பா.

முதுகு வலி அவருக்கு எப்படித் தெரியும்? அவரைத் தூக்கி உட்காரவைக்கும்போது நான் முனகியதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டது உள்ளே எங்கோ தங்கியும் இருக்கிறது. “தேவலைப்பா” என்றேன். அதற்குள் பட்டனைத் திருக ஆரம்பித்துவிட்டார், கூப்பிட்டால் திரும்பவில்லை.

மார்ச் 5

நேற்று நடந்ததைச் சொன்னதும், “அப்போ மருந்து வேலை செய்யுதா?” என்றான் அண்ணன். எனக்கும் அந்த ஆசைதான். டாக்டர் மறைக்காமல் சொன்னார்: அப்பாவுக்கு இருக்கும் அல்சைமர் வகை மறதிநோயில் அழிந்த நரம்பணுக்கள் திரும்ப வராது, இது குணமாவதன் அறிகுறி இல்லை. லூயி பாடி என்ற வேறொரு வகை மறதிநோயில் ஒரே நாளுக்குள் தெளிவும் குழப்பமும் மாறி மாறி வரும். சிறுநீர்த் தொற்றோ நீர்ச்சத்துக் குறைவோ குழப்பத்தைக் கூட்டியிருந்தால், அது சரியானதும் கொஞ்சம் தெளிவார்கள். அப்பாவுக்கு லூயி பாடியும் இல்லை, தொற்றும் நீர்ச்சத்துக் குறைவும் இல்லை. தெளிவு ஏன் வந்தது என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை.

மார்ச் 9

அணையப்போகிற விளக்கு பிரகாசமாக எரியும் என்று சித்தி சொல்லிவிட்டுப் போனார். ராத்திரி தூக்கம் போச்சு. உட்கார்ந்து படித்தேன். சாவுக்குச் சற்று முன் வரும் தெளிவுக்கு 2009இல் தனிப்பெயர் வைத்து, பழைய மருத்துவக் குறிப்புகளைத் திரட்டியவர் மைக்கேல் நாம் என்ற ஜெர்மானிய உயிரியலாளர். ஆனால் தெளிவு எல்லாமே சாவுக்கு முன்னால் வருவதில்லை. அதற்கப்புறம் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இருப்பவர்களும் உண்டு. அமெரிக்காவின் தேசிய முதுமை ஆய்வு நிறுவனம் இதை ஆராய்வதற்கென்றே நிதி கொடுத்திருக்கிறது. சித்தியிடம் நாளைக்குச் சொல்ல வேண்டும்.

மார்ச் 11

அண்ணன் வீடியோ காலில் “நான் யாரு, சொல்லுங்க” என்று திரும்பத் திரும்பக் கேட்டான். அப்பா மிரண்டுபோய் என் கையைப் பிடித்துக்கொண்டார். இனி பரீட்சை வைக்காதே என்று சொல்லிவிட்டேன். உன் பெயரை நீயே சொல்லிவிட்டுப் பேசு, அவர் எதைப் பேசுகிறாரோ அதைப் பேசு.

தெளிவாக இருக்கும்போதே கையெழுத்து வாங்கிவிடலாமே என்று ஓர் உறவினர் சொன்னார். கோபம் வந்தது. ரெண்டு வாக்கியம் தெளிவாகப் பேசினால் பத்திரம் புரிந்துவிடுமா? அந்த நேரம் அப்பாவுக்குச் சொந்தமானது. அதில் யாரும் காரியம் சாதிக்க வேண்டாம்.

மார்ச் 14

ராத்திரி போர்வையை இழுத்துவிடும்போது, “எனக்கு என்னம்மா ஆச்சு?” என்றார். குரல் பழைய குரல்.

“மறதி நோய்ப்பா.”

“சரியாகுமா?”

“ஆகாதுப்பா. நான் கூடவே இருக்கேன்.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. “பயமா இருக்கு. உனக்கும் கஷ்டம்.”

இந்தத் தெளிவை வரம் என்கிறார்கள். வரம்தான். ஆனால் அந்த நிமிடங்களில் தனக்கு என்ன நடக்கிறது என்பதும் அவருக்குத் தெரிகிறது. பொய் சொல்லிச் சமாதானப்படுத்த மனம் வரவில்லை. அவர் தூங்கும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 15

காலையில் நான் மறுபடி அக்கா. நர்ஸ் வந்ததும் வழக்கம்போல அப்பாவின் கட்டிலருகிலேயே நின்று, ராத்திரி தூங்கினாரா, வெளிக்குப் போனாரா என்று ஆரம்பித்தார். அடுத்த அறைக்குக் கூட்டிப்போனேன். இனி அவரைப் பற்றிய பேச்செல்லாம் அங்கேதான். அவரிடம் கேட்க வேண்டியதை, பதில் வராவிட்டாலும், அவரிடமே கேட்கச் சொல்லியிருக்கிறேன்.